பொங்கலுக்குக் கொடுக்கும் நெல்லுக்குத் தனியாகப் பத்து சென்ட்

பொங்கலுக்குக் கோயிலுக்கும் அக்கம்பக்கத்துக்கும் புது நெல் கொடுக்கும் வழக்கம் இருந்தால், சம்பாவில் பத்து சென்ட்டை மட்டும் ஆடுதுறை 39 போன்ற 125 நாள் ரகத்துக்கு ஒதுக்குங்கள். மூன்று கிலோ விதை போதும். ஆவணி நடுவில் நாற்று விட்டால் மார்கழி மூன்றாம் வாரம் அறுக்கலாம். காயவைத்து அரைக்கப் பத்து நாள் மிச்சம்.

வயல் முழுவதும் சி.ஆர். 1009 போன்ற 155, 160 நாள் ரகத்தையே போட்டுவிட்டுப் பொங்கலுக்காக ஒரு மூலையைப் பச்சையாக அறுத்தால் பதர்தான் மிஞ்சும். ஏக்கருக்கு 30 மூட்டை விளையும் வயலில் பத்து சென்ட்டில் 3 மூட்டை வரும், 180 கிலோ நெல். கொடுப்பதற்கு அது தாராளம். மற்ற நெல் முழுசாக முற்றி, ஈரம் குறைந்து கொள்முதலுக்குப் போகும். பத்து சென்ட்டுக்கு அறுவடை இயந்திரம் கூப்பிட வேண்டாம், கையால் அறுப்பதே மலிவு.

அந்தப் பத்து சென்ட் மேட்டுப் பக்கம் இருக்கட்டும். தண்ணீரை முன்னாலேயே வடிக்க வேண்டியிருக்கும். தனியாக முன்னால் முற்றுவதால் எலியும் குருவியும் அங்கேதான் குவியும், அதனால் வீட்டுக்குப் பக்கமாக இருந்தால் இன்னும் நல்லது.

பகல் குறைந்தால்தான் பூக்கும் பாரம்பரிய ரகங்களுக்கு இந்த நாள் கணக்கு ஒத்துவராது, முன்னால் விதைத்தாலும் முன்னால் வராது. கார்த்திகை மழையில் மூழ்கும் பள்ளக்காலிலும் வேண்டாம், பூக்கும் நேரத்தில் வெள்ளம் நின்றால் மணி பிடிக்காது.