பல் மருத்துவ நுழைவுத் தேர்வு: எண் தெரியும், எதன் எண் என்று தெரியாது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பல் கிளினிக் மாடியில் சனிக்கிழமை இரவு நான்கைந்து பிள்ளைகள் படிக்க வருவார்கள். தாத்தா பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பங்கள். பிள்ளைகள் பல் மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே எனக்கு மனசு நிறைந்துவிடும். அவர்களுடைய பயிற்சித் தாளைத் திருத்தும்போதுதான் ஒன்று புரிந்தது. படிக்காததால் போகும் மதிப்பெண் கொஞ்சம். எண்ணை மனப்பாடம் செய்துவிட்டு, அது எதன் எண் என்பதைக் கோட்டை விடுவதால் போவதுதான் அதிகம்.

பல் எண்ணையே எடுத்துக்கொள்வோம். இங்கே நாம் பழகியது, ஒவ்வொரு பல்லுக்கும் ஈரிலக்க எண் தரும் எஃப்டிஐ முறை. அதில் 16 என்றால் மேல்தாடையில் வலப்பக்க முதல் கடைவாய்ப்பல். அமெரிக்கப் புத்தகங்களில் வரும், பற்களை 1 முதல் 32 வரை வரிசையாக எண்ணும் யுனிவர்சல் முறையில் அதே 16, இடப்பக்க மேல் ஞானப்பல். ஒரு தங்கச்சி அமெரிக்கக் கேள்வித் தொகுப்பைச் செய்துவிட்டு, "அண்ணே, எல்லாமே சரியாத்தானே எழுதினேன்" என்று கண் கலங்கி நின்றாள். விடைகள் சரிதான், முறைதான் வேறு. இன்னொன்று: வலம், இடம் இரண்டும் நோயாளியுடையவை, எதிரில் நிற்கும் நம்முடையவை அல்ல.

அடுத்தது நம் பிள்ளைகளுக்கே உரிய சிக்கல். தமிழ்ப்பள்ளியில் ஒரு பெயர், இடைநிலைப்பள்ளியில் மலாய்ப் பெயர், தேர்வில் ஆங்கிலப் பெயர். கோரைப்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவில் இருக்கும் ப்ரீமோலாருக்கு மலாயில் கெராஹாம் கெச்சில், அதாவது சின்னக் கடைவாய்ப்பல். குழந்தை வாயில் இருக்கும் கடைவாய்ப்பல்லும் சின்னதுதானே? அந்த நினைப்பில் பால்பற்களிலும் ப்ரீமோலார் உண்டு என்று எழுதிவிடுகிறார்கள். கிடையாது. பால்பற்கள் 20. ஒவ்வொரு தாடையிலும் பக்கத்துக்கு வெட்டுப்பல் 2, கோரைப்பல் 1, கடைவாய்ப்பல் 2, அவ்வளவுதான். அந்தக் கடைவாய்ப்பற்கள் விழுந்த இடத்தில்தான் பின்னாளில் ப்ரீமோலார் முளைக்கும். 6 வயதுவாக்கில் வரும் நிரந்தர முதல் கடைவாய்ப்பல்லோ, எந்தப் பல்லும் விழக் காத்திருக்காமல் வரிசையின் கடைசியில் முளைக்கும். வீட்டில் ஏழு வயதுப் பிள்ளை இருந்தால் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்து எண்ணிப் பாருங்கள். பக்கம் பக்கமாகப் படித்தாலும் நிற்காதது, அந்த ஒரு நிமிடத்தில் நின்றுவிடும்.

சதவீதங்களிலும் இதே கதை. பல்லின் வெளிப்பூச்சான எனாமலில் கனிமம் 96 சதவீதம், அதற்கு உள்ளே இருக்கும் டென்டினில் சுமார் 70. இரண்டுமே எடைக்கணக்கு. கன அளவில் கேட்டால் டென்டின் 50க்கும் கீழே இறங்கிவிடும். குறிப்பேட்டில் வெறும் 70 என்று எழுதி வைக்காதீர்கள்.

பழைய புத்தகம் இன்னொரு குழி. அண்ணன் அக்காவிடமிருந்து கை மாறி வரும் புத்தகத்தைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் ஆண்டைப் பார்த்துவிடுங்கள். குடிநீரில் ஃப்ளூரைடு சேர்க்க மலேசியா நாடு தழுவிய அளவில் முடிவெடுத்தது 1972இல். அப்போது அளவு 0.7 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 0.7 பங்கு. 2005இலிருந்து 0.5. பழைய வெளிநாட்டு நூல்களில் 1 என்றுகூட இருக்கும். ஈறுநோய்க்கும் அப்படித்தான். 1999ஆம் ஆண்டு வகைப்பாட்டின் 'நாள்பட்ட', 'தீவிர' என்ற பிரிவுகள் 2017 வகைப்பாட்டில் போய்விட்டன. இப்போது நோய் எவ்வளவு முற்றியது என்பதற்கு நிலை 1 முதல் 4, எவ்வளவு வேகமாக முற்றுகிறது என்பதற்குத் தரம் ஏ முதல் சி.

அப்புறம், கலர் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே போவது. பக்கம் மஞ்சளாகும், தலையில் ஏறாது. உதாரணத்துக்கு, உமிழ்நீர்ச் சுரப்பிகளில் பெரியது காதுக்கு முன்னால் இருக்கும் பரோட்டிட். ஆனால் சும்மா இருக்கும்போது ஊறும் உமிழ்நீரில் பெரும்பங்கு கீழ்த்தாடைக்கு அடியில் இருக்கும் சப்மாண்டிபுலர் சுரப்பி தருவது. முகநரம்பு, அதாவது 7ஆவது மூளை நரம்பு, பரோட்டிடின் ஊடே போகும். ஆனால் அந்தச் சுரப்பியைச் சுரக்க வைப்பது 9ஆவது மூளை நரம்பு. இதைக் கோடு போட்டுப் படித்தவர்கள் 7 என்றுதான் எழுதுகிறார்கள். புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத்தாளில் ஒரு முகத்தை வரைந்து, சுரப்பியையும் இரண்டு நரம்புகளையும் நீங்களே போட்டுப் பாருங்கள். கை எங்கே தயங்குகிறதோ, மறுநாள் காலையில் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.