பீட்ரூட் ஜூஸ்: போடும் முறையும் குடிக்கும் நேரமும்

பீட்ரூட் ஜூஸ் குடித்தால் ரத்தம் ஊறும் என்பது பெரும்பாலும் நிறத்தைப் பார்த்துச் சொல்லும் பேச்சு. 100 கிராம் பச்சைக் கிழங்கில் இரும்புச்சத்து ஒரு மில்லிகிராம்கூட இல்லை. ரத்த அணுக்கள் உருவாக உதவும் ஃபோலேட் என்ற பி வைட்டமின் நன்றாகவே இருக்கிறது, சுமார் 100 மைக்ரோகிராம். அதற்காக ரத்தசோகைக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு ஜூஸை நம்பக் கூடாது.

இந்தக் கிழங்கின் உண்மையான சரக்கு நைட்ரேட். குடித்தவுடன் அது குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்துக்குப் போகிறது. அதில் ஒரு பங்கு உமிழ்நீரில் கலந்து மறுபடியும் வாய்க்கே வருகிறது. நாக்கின் பின்பகுதியில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதை விழுங்கிய பிறகு உடம்புக்குள் நைட்ரிக் ஆக்சைடு உருவாகி, ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. இதயமும் ரத்தக் குழாய்களும் இயங்குவதில் நைட்ரிக் ஆக்சைடுக்கு உள்ள பங்கைக் கண்டறிந்ததற்குத்தான் 1998இல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். கீழே வரும் படிகளில் பாதிக்குக் காரணம் இந்தப் பாதைதான்.

தேவையானவை (ஒரு டம்ளருக்கு, சுமார் 200–250 மி.லி.)

பீட்ரூட் 250 கிராம் (நடுத்தர அளவில் இரண்டு), தண்ணீர் 100 மி.லி., எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி, தோல் சீவிய இஞ்சி ஒரு சிறு துண்டு. சர்க்கரை வேண்டாம், கிழங்கிலேயே போதுமான அளவு இருக்கிறது.

படி 1: கிழங்கைத் தேர்ந்தெடுப்பது
அழுத்தினால் கல் மாதிரி இருக்க வேண்டும். தோல் சுருங்கியது, தொட்டால் அமுங்குவது, வேர்ப்பக்கம் கொழகொழப்பானது எதுவும் வேண்டாம். ரொம்பப் பெரிய கிழங்கில் நடுவில் நார் தட்டும்.

படி 2: கழுவி, தோல் சீவுவது
முதலில் முழுசாகக் கழுவுங்கள்; வெட்டிய பிறகு தண்ணீரில் ஊறப்போட்டால் நிறமும் நைட்ரேட்டும் தண்ணீரோடு போய்விடும். தோலைச் சீவுவதை மட்டும் தவிர்க்காதீர்கள். மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் தோலில்தான் அதிகம். ஜூஸ் மண் மாதிரி இருக்கிறது என்று முதல் மடக்கிலேயே வைத்துவிடுபவர்கள் பலரும் தோலோடு அரைத்தவர்கள்.

படி 3: அரைப்பது
ஒரு செ.மீ. துண்டுகளாக நறுக்கி, பாதித் துண்டுகளையும் பாதித் தண்ணீரையும் மிக்ஸியில் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். அப்புறம் மீதியையும் இஞ்சியையும் சேர்த்து மறுபடி ஒரு நிமிடம். எல்லாவற்றையும் ஒரே தடவையில் போட்டால் அடியில் கூழாகும், மேலே துண்டு துண்டாக நிற்கும். சாறு குறைகிறதே என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே போகாதீர்கள். துண்டு பெரிதாக இருந்ததுதான் காரணமாக இருக்கும்.

வேகவைத்து அரைக்கலாமா? அரைக்கலாம், ஆனால் வெந்த தண்ணீரைக் கொட்டினால் நைட்ரேட்டில் ஒரு பங்கு அதோடு போய்விடும். அந்தத் தண்ணீரையே அரைக்கப் பயன்படுத்துங்கள்.

படி 4: வடிகட்டுவது
மெல்லிய துணியில் ஊற்றிப் பிழியுங்கள். வடிகட்டினால் நார்ச்சத்து சக்கையோடு போய்விடும், சர்க்கரை மட்டும் சாற்றில் தங்கும்: ஒரு டம்ளரில் ஏறத்தாழ 15 கிராம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வடிகட்டாமல், அரை டம்ளருக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது.

படி 5: எலுமிச்சை
கடைசியில் சேருங்கள். புளிப்பு மண்வாசனையைக் குறைக்கும், சிவப்பையும் காக்கும். சமையல் சோடா பட்டால் நிறம் பழுப்பாகிவிடும்.

எவ்வளவு, எப்போது?

முதல் மூன்று நாளும் 75 மி.லி. போதும். எடுத்தவுடன் முழு டம்ளரைக் குடித்தால் வயிறு உப்புவதும் பேதியாவதும் உண்டு. தொண்டை கரகரத்தால் அது கிழங்கில் இயற்கையாகவே இருக்கும் ஆக்சலேட் என்ற உப்பின் வேலை. இன்னும் கொஞ்சம் தண்ணீர் கலந்து குடியுங்கள்.

குடித்து 2 முதல் 3 மணி நேரத்தில்தான் ரத்தத்தில் நைட்ரைட் உச்சத்துக்கு வரும். ஓட்டத்துக்காகக் குடிப்பவர்கள் அந்தக் கணக்கில் முன்கூட்டியே குடிக்க வேண்டும். கிளம்பும்போது மடக்கென்று குடிப்பது வீண். ஒரே வேகத்தில் ஓட உடம்பு கேட்கும் ஆக்சிஜன் சற்றுக் குறையும் என்பதுதான் இதில் கிடைக்கும் லாபம். பல ஆண்டு பயிற்சியில் ஊறியவர்களுக்கு அது பெரிதாகத் தெரியாது.

ரத்த அழுத்தத்துக்கென்றால் தினமும் ஒரு டம்ளர். ஆய்வுகளில் மேல் அளவு சராசரியாக 4–5 புள்ளி இறங்கியிருக்கிறது. குடிப்பதை விட்டால் அது மறுபடி ஏறிவிடும். கிழங்குக்குக் கிழங்கு நைட்ரேட் அளவு பெரிதும் மாறும் என்பதால் மாத்திரை மாதிரித் துல்லியத்தை இதில் எதிர்பார்க்க முடியாது.

இன்னொன்று, கிருமிநாசினி மவுத்வாஷ். நாக்கில் உள்ள பாக்டீரியா செத்தால் நைட்ரைட் உருவாகாது, ஜூஸின் பலனும் பெரும்பகுதி போய்விடும். பல் துலக்குவதால் பிரச்சினை இல்லை.

மீதமானால் மூடிய கண்ணாடிப் பாட்டிலில் ஃபிரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். வெளியே வைத்த சாற்றில் பாக்டீரியா பெருகி, நைட்ரேட்டை அங்கேயே நைட்ரைட்டாக்கிவிடும். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு இந்த ஜூஸ் கூடவே கூடாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை நைட்ரைட் கெடுக்கும்.

சிறுநீரகக் கல் வந்தவர்கள் ஆக்சலேட்டுக்காகவும், சிறுநீரகம் பலவீனமானவர்கள் பொட்டாசியத்துக்காகவும், பிரஷர் மாத்திரையோ நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மருந்தோ எடுப்பவர்கள் அழுத்தம் மிகவும் இறங்கிவிடாமல் இருக்கவும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

குடித்த பிறகு சிலருக்குச் சிறுநீரும் மலமும் சிவப்பாகப் போகும். நிறமிதான், பயப்பட ஒன்றுமில்லை. ஜூஸை நிறுத்தி இரண்டு மூன்று நாள் ஆகியும் சிவப்பு மாறவில்லை என்றால் அது பீட்ரூட் இல்லை, பரிசோதனைக்குப் போங்கள்.