ஒரு போன், நாலு கை: இணையத்தில் நாம் தொடர்ந்து செய்யும் தவறுகள்

"ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று வங்கி சொல்கிறது, போலீஸ் சொல்கிறது, டி.வி. விளம்பரம் சொல்கிறது. மன்னார்குடியில் ஜெராக்ஸும் பிரவுசிங்குமாகச் சிறு கடை நடத்துகிற நானோ, ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது "ஐயா, ஓ.டி.பி. வந்திருக்கும், பாத்துச் சொல்லுங்க" என்று கேட்கிறேன். அது இல்லாமல் எந்த விண்ணப்பமும் நகராது. வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்வதுகூட இல்லை. "நீயே பாத்துக்க தம்பி" என்று போனையே நீட்டிவிடுவார்கள்.

பாதுகாப்பு அறிவுரைகள் நம் ஊரில் எடுபடாமல் போவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அந்த அறிவுரைகள் எல்லாம் ஓர் ஆளுக்கு ஒரு போன், ஒரு எண், ஒரு கணக்கு என்று கற்பனை செய்துகொண்டு எழுதப்படுகின்றன. டெல்டாவில் அப்படியா இருக்கிறது? போன் அப்பாவுடையது, சிம் சிங்கப்பூரில் இருக்கும் மகன் பெயரில், வங்கிக் கணக்கில் பதிந்திருப்பது பழைய எண், ஆப்பை இயக்குவது பன்னிரண்டாவது படிக்கும் பேத்தி, மெயில் பாஸ்வேர்டு ஏதோ ஒரு பிரவுசிங் கடைக்காரர் நோட்டில். ஒரு போனுக்குள் நாலு பேர் கை. இதை மறந்துவிட்டுத் தவறுகளைப் பட்டியல் போட்டால் அது வெறும் போஸ்டராகத்தான் முடியும்.

முதலில் அந்த ஓ.டி.பி. விஷயத்தையே முடித்துவிடுவோம். "யாரிடமும் சொல்லாதே" என்பதை நம்மால் கடைப்பிடிக்க முடியாது. முடிகிற விதி வேறு ஒன்று உண்டு. நீங்கள் தேடிப் போன இடத்தில், உங்கள் கண்ணெதிரே நடக்கும் வேலைக்குக் கேட்டால் அது ஒரு வகை. உங்களைத் தேடி வந்தவர், அதுவும் போனில் வந்தவர் கேட்டால் அது வேறு வகை. அங்கே கொடுக்கவே கூடாது. கண்ணெதிரே கேட்டாலும் அந்தச் செய்தியை முழுதாகப் படியுங்கள். ஆறு இலக்க எண்ணுக்கு முன்னாலோ பின்னாலோ அது எதற்காக வந்தது என்று எழுதியிருக்கும். சிட்டா எடுக்கப் போன இடத்தில் பணம் எடுப்பதற்கான ஓ.டி.பி. வந்தால் எழுந்து வந்துவிடலாம். இப்போதெல்லாம் போனை நான் கையில் வாங்குவதில்லை. படிக்கத் தெரியாதவர்களுக்கு மட்டும் அவர்கள் முன்னாலேயே வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறேன். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்தது நானே செய்த தவறு. நிறைய மாணவர்களுக்கு மெயில் ஐ.டி. போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவசரத்தில் பெயருக்குப் பின்னால் ஒன்று இரண்டு மூன்று என்று சேர்த்து ஒரு பாஸ்வேர்டு. மீட்பு எண் கேட்டால் கடை எண். பேப்பரில் எழுதிக் கொடுத்தால் தொலைத்துவிடுவார்கள் என்று என் நோட்டிலும் ஒரு வரி. நல்ல எண்ணத்தில்தான் செய்தேன். ஆனால் நாலைந்து வருடம் கழித்து ஒரு பெண் ஓடி வந்தாள். மறுநாள் போட்டித் தேர்வு, ஹால் டிக்கெட் எடுக்க வேண்டும், பாஸ்வேர்டு மறந்துவிட்டது, மீட்க மெயிலுக்குள் போக வேண்டும், மெயிலுக்குள் போகப் பழைய கடை எண்ணுக்கு ஓ.டி.பி. வர வேண்டும். அந்த எண்ணை நான் விட்டே வெகுநாள் ஆகிறது. விண்ணப்பத்தின் பழைய பிரிண்ட் அவள் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடைத்ததால் எப்படியோ தப்பித்தாள். அந்த நோட்டைக் கிழித்து எரித்துவிட்டேன்.

ஆகவே மெயிலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மற்ற எல்லாக் கணக்குகளுக்கும் அதுதான் கொத்துச்சாவி. அதன் மீட்பு எண் உங்களுடையதாகவோ வீட்டில் ஒருவருடையதாகவோ இருக்கட்டும். பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும். உங்களுக்கு மட்டும் பொருள் தரும் மூன்று நான்கு வார்த்தைகளைக் கோத்தாலே போதும். அதையே வேறு எங்கும் போடாதீர்கள். ஏதோ ஒரு ஷாப்பிங் தளத்திலிருந்து திருடு போன பாஸ்வேர்டை மற்ற தளங்களிலும் போட்டுப் பார்ப்பதற்கென்றே புரோகிராம்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. நினைவில் நிற்காது என்றால் டைரியில் எழுதி பீரோவில் வையுங்கள். எழுதவே கூடாது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கேயோ உட்கார்ந்திருக்கும் திருடனால் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது. போனின் உறைக்குள் சொருகி வைப்பதுதான் தவறு.

எண் விஷயம் இதைவிடச் சிக்கலானது. வெளிநாட்டுக்குப் போகிறவர் இங்கே இருந்த சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடுகிறார். இணைப்பைத் துண்டித்து 90 நாள் போனால் அந்த எண்ணை வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது விதி. அந்த வேறொருவர் யோக்கியராகவே இருக்கட்டும். உங்கள் வங்கிச் செய்திகள் அவருக்குப் போய்க்கொண்டிருக்கும், உங்களுக்கு ஒன்றும் வராது. கூத்தாநல்லூர்ப் பக்கம் வீட்டுக்கு ஓர் ஆள் கடல் கடந்து இருப்பார். அங்கெல்லாம் ஊருக்கு வந்து வங்கிக்குப் போன பிறகுதான் பலருக்கு இது தெரிகிறது. எண்ணை விடுவதற்கு முன்னால் வங்கி, ஆதார், மெயில், வாட்ஸ்அப் நான்கிலும் மாற்றிவிட வேண்டும். இன்னொன்று, உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? ஒருவர் பெயரில் 9 வரை இருக்கலாம். திருவிழாக் கூட்டத்தில் குடைக்கடியில் சிம் விற்றவரிடம் இரண்டு தடவை கைரேகை வைத்தது நினைவிருக்கிறதா? மத்திய தொலைத்தொடர்புத் துறை 2023-ல் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் எண்ணைப் போட்டால் பட்டியல் வரும். உங்களுடையது அல்லாததை அங்கேயே மறுக்கலாம். தொலைந்த போனையும் அதே தளத்தில் முடக்கலாம்.

வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புதான், அதாவது போனில் ஓர் ஆப்பை ஏற்றிவிடும் கோப்புதான், இப்போது பெரிய தொல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது வந்த பிறகு ஓ.டி.பி.யைச் சொல்லாமல் இருப்பதுகூடப் போதவில்லை. பி.எம். கிசான் தவணை என்று ஒரு கோப்பு வரும். வருடத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக வருகிற பணம். தவணை தள்ளிப்போனால் எல்லாரும் பதற்றத்தில் இருப்பார்கள். அல்லது வண்டி அபராத ரசீது. அல்லது கல்யாணப் பத்திரிகை. அனுப்பியவர் தெரிந்த ஆளாகவே இருப்பார். அவர் போன் ஏற்கெனவே மாட்டிக்கொண்டது அவருக்கே தெரியாது. அதைத் தொட்டால் போன் ஓர் எச்சரிக்கை காட்டும். "அனுமதி" என்று அழுத்துவோம். பிறகு அது எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கும். அதையும் கொடுப்போம். அத்துடன் முடிந்தது. இனி உங்கள் ஓ.டி.பி.யை நீங்கள் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, அதுவே படித்து அனுப்பிவிடும்.

கல்யாணப் பத்திரிகை என்றால் போட்டோவாக வரும், பி.டி.எஃப். ஆக வரும். இன்ஸ்டால் செய்தால்தான் திறக்கும் பத்திரிகை எந்த ஊரிலும் அடிப்பதில்லை. பேத்திக்கும் இதைச் சொல்லி வையுங்கள், ஏனென்றால் "அனுமதி"யை அழுத்துவது பெரும்பாலும் அவள் விரல்தான். தொட்டுவிட்டீர்கள் என்றால், போனில் எதையும் நோண்டிக்கொண்டிருக்காமல் நெட்டை அணைத்து ஃப்ளைட் மோடில் போடுங்கள். வேறு போனிலிருந்து வங்கிக்கு அடித்துக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். அந்த ஆப்பை நீக்குவது அதற்கு அப்புறம். நீக்க மறுத்தால் போனை முழுசாக அழித்துப் புதிதாக அமைப்பதுதான் வழி.

இணைய முகவரியை முன்னாலிருந்து படிப்பதும் ஒரு தவறு. தபால் உறையை நினைத்துக்கொள்ளுங்கள். "பெரிய கோயில் லாட்ஜ், தஞ்சாவூர் ரோடு, ஈரோடு" என்று இருந்தால் அந்த லாட்ஜ் ஈரோட்டில் இருக்கிறது, தஞ்சாவூரில் இல்லை. இணைய முகவரியும் அப்படித்தான். முன்னால் வங்கியின் பெயர், அரசுத் திட்டத்தின் பெயர் என்று எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக என்ன இருக்கிறது என்பதே கணக்கு. வங்கிகள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது நல்ல காரியம்; பார்ப்பதற்கு ஓர் அடையாளம் கிடைத்தது. பூட்டுப் படம் இருக்கிறதே என்று நம்பாதீர்கள். வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்றுதான் அது சொல்கிறது. மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்று அதற்குத் தெரியாது.

கஸ்டமர் கேர் எண்ணைத் தேடுபொறியில் தேடி எடுப்பதும் இதே வகைதான். முதலில் வருகிற எண் திருடன் போட்ட எண்ணாக இருக்கலாம். ஏ.டி.எம். அட்டையின் பின்பக்கத்திலும் பாஸ்புக்கிலும் எண் இருக்கிறது, அதைப் பாருங்கள். கரண்டு பில் கட்டவில்லை, இன்று இரவு துண்டிப்பு என்று செய்தி வந்தால் அதிலுள்ள எண்ணுக்கு அடிக்காதீர்கள். மின்வாரிய அலுவலகம் பக்கத்தில்தான் இருக்கிறது. பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் தேவையே இல்லை, கியூஆர் ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. பின்னை அழுத்தினால் பணம் வெளியே போகிறது என்று மட்டும் நினைவில் இருந்தால் போதும். வீடியோ காலில் போலீஸ் உடையில் வந்து "டிஜிட்டல் கைது" என்பவரிடம் பேச்சே வேண்டாம். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை.

என்னைப் போன்ற கடைகளுக்கு வரும்போது ஒரு கவனம் வேண்டும். ஆதாரை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பிரிண்ட் எடுத்துவிட்டுப் போய்விடுகிறீர்கள். அது அந்தக் கணினியின் டவுன்லோட் பகுதியில் நாள் கணக்கில் கிடக்கும். "அழிச்சிடுங்க தம்பி" என்று கேளுங்கள், எந்தக் கடைக்காரரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கணினியில் உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்திருந்தால், போனில் இணைத்த சாதனங்கள் பகுதிக்குப் போய் நீக்கிவிட்டு எழுந்திருங்கள். முகவரிக்கும் அடையாளத்துக்கும் மட்டும் ஆதார் கேட்கிற இடத்தில், கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதார் போதும். கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் உண்டு. ஆனால் ரேஷன் கடையில் விரல் வைக்க வேண்டியவர்கள் ஒவ்வொரு தடவையும் திறந்து மூட வேண்டும், அதனால் வயதானவர்களுக்கு அதை நான் வற்புறுத்துவதில்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு பணம் போன பிறகு நடக்கிறது.

என் பெரியப்பாவுக்குச் சம்பா நெல் போட்ட பணம் கணக்கில் ஏறியிருந்தது. அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையமான டிபிசியில் நாலு நாள் காத்துக்கிடந்து, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வரும் வரை காயவைத்து, மூட்டை போட்டு வாங்கிய பணம். கே.ஒய்.சி., அதாவது வங்கியில் கொடுத்த அடையாள விவரம், புதுப்பிக்க வேண்டும் என்று போனில் பேசியவனிடம் அதில் பெரும் பகுதியை விட்டுவிட்டார். அதை அவர் பதினோரு நாள் யாரிடமும் சொல்லவில்லை. பெரியம்மாவிடம்கூட. வெட்கம் ஒரு பக்கம், துபாயில் இருக்கும் மகன் "உங்களுக்கு எதுக்குப்பா இந்த போன்" என்று கேட்பானே என்ற பயம் ஒரு பக்கம். வந்த மெசேஜ்களையெல்லாம் அழித்துவிட்டார். அந்தப் பதினோரு நாளில் பணம் எத்தனை கணக்கு தாண்டியதோ, ஒரு ரூபாய் திரும்பவில்லை.

1930 என்ற எண் இதற்காகத்தான் இருக்கிறது. அடித்தவுடன் புகார் பதிவாகி, பணம் போன வங்கிக்குத் தகவல் போகிறது. பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்கு முன்னால் தகவல் போனால் நிறுத்தி வைக்க முடியும். ஆகவே முதல் ஒரு மணி நேரம்தான் பொன்னானது. திங்கட்கிழமை வங்கி திறக்கட்டும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. சைபர் கிரைம் தேசியத் தளத்திலும் எழுதலாம். உங்கள் வங்கிக்குத் தனியே சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். இதில் ரிசர்வ் வங்கியின் 2017 விதி ஒன்று இருக்கிறது. உங்கள் பக்கமும் வங்கி பக்கமும் தவறில்லாமல் பணம் போயிருந்து, வங்கி தகவல் தந்த 3 வேலை நாளுக்குள் நீங்கள் சொல்லிவிட்டால் இழப்பு உங்கள் தலையில் விழாது. நீங்களே பின்னையோ ஓ.டி.பி.யையோ கொடுத்திருந்தால், சொல்லும் வரை போனது உங்களுடையது, சொன்ன பிறகு போவது வங்கியுடையது. எப்படிப் பார்த்தாலும் வாய் திறப்பதுதான் லாபம். மெசேஜ், அழைப்பு வந்த எண், பணம் போன குறிப்பு எதையும் அழிக்காதீர்கள்.

மகன்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் போனிலேயே திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த தடவை பதினோரு நாள் இருபது நாளாகும்.

ஏமாந்தவர்களைத் தேடி இரண்டாவதாக ஒருவன் வருவான், "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று. பெரியப்பாவுக்கும் மாசிக் கடைசியில் அப்படி ஓர் அழைப்பு வந்தது. "கொஞ்சம் இருங்க சார், கண்ணாடி எடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லி, போனைக் கட் செய்யாமல் சைக்கிளில் கடைக்கு வந்துவிட்டார். ஸ்பீக்கரில் போட்டு என் மேசை மேல் வைத்தார். ஜெராக்ஸ் எடுக்க நின்ற ஆறேழு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். எதிர்முனையில் அவன் கட்டணக் கணக்கைச் சொல்லிக்கொண்டே போனான்.