மடிக்கணினி பிராசசரின் கீச்சொலியை மின் அமைப்புகள் மூலம் குறைக்கும் முறை

அமைதியான அறையில் விசைப்பலகைக்கு அருகே காதை வைத்துக்கொண்டு, நீண்ட இணையப் பக்கம் ஒன்றை மேலும் கீழுமாக நகர்த்திப் பாருங்கள். அப்போது கீச்சொலி மாறினாலோ சட்டென நின்றாலோ, அது பெரும்பாலும் மின்விசிறியின் ஒலி அன்று. பிராசசருக்கு மின்சாரம் வழங்கும் சுற்றிலுள்ள சிறு கம்பிச்சுருள்கள் அதிர்வதால் எழுவது. வேலையில்லாத நொடித்துளிகளில் பிராசசர் உறங்குவதும் உடனே விழிப்பதுமாக இருப்பதால் மின்னோட்டம் ஓயாமல் ஏறி இறங்குகிறது. அந்த வேகம் மனிதச் செவிக்கு எட்டும் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் எல்லைக்குள் அமையும்போது நமக்குக் கேட்கிறது.

வேலைப்பளு கூடும்போது மட்டும் ஒலி கேட்டால், விண்டோஸின் கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குச் சென்று, மேம்பட்ட அமைப்புகளில் பிராசசர் பவர் மேனேஜ்மென்ட் என்பதை விரித்து, மேக்சிமம் பிராசசர் ஸ்டேட் எனும் அதிகபட்ச அளவை 100 விழுக்காட்டிலிருந்து 99 ஆகக் குறையுங்கள். பல கணினிகளில் இதனால், பிராசசர் தேவைப்படும்போது தன் இயல்பு வேகத்தைத் தாண்டி ஓடும் டர்போ வேகம் நின்றுவிடும். வேகம் ஓரளவு குறைந்தாலும் சூடும் தணியும் என்பதால், முதலில் இதையே முயலுமாறு பரிந்துரைக்கிறேன். சில மாதிரிகளில் இந்த அமைப்பு மறைந்திருக்கும்.

சும்மா இருக்கும்போது எழும் ஒலிக்கு, பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரையில்) சி-ஸ்டேட்ஸ் எனும் பிராசசரின் உறக்க நிலைகளை முடக்குவதே நேரடியான வழி. ஆனால் எல்லா மடிக்கணினிகளிலும் இவ்வசதி இராது. முடக்கினால் பேட்டரி விரைவில் தீரும், கணினியும் சூடாகும். ஆகவே பெரும்பாலும் சார்ஜரில் இணைத்தே பயன்படுத்துவோருக்குத்தான் இது பொருந்தும். ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டும் மாற்றி, பழைய மதிப்பைக் குறித்து வையுங்கள். இவ்வொலியால் பொதுவாகக் கணினிக்குச் சேதமில்லை. எனினும் புதிய கணினியில் தாங்க முடியாத அளவுக்கு இருந்தால், உத்தரவாதக் காலத்திலேயே மாற்றித் தருமாறு கேளுங்கள்.