ஆதார் ரேகையைப் பூட்டுவது எப்படி? வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்காக

ஆதார் ஜெராக்ஸ் யார் கையில் சிக்குமோ என்று பயப்படுகிற அளவுக்கு, கைரேகையைப் பற்றி நம்மில் யாரும் கவலைப்படுவதில்லை. என்னைக் கேட்டால் ரேகைதான் பெரிய தலைவலி. ஏடிஎம் கார்டு தொலைந்தால் பிளாக் பண்ணிவிட்டு வேறு வாங்கலாம், ரேகை வெளியே போனால் போனதுதான்.

ஓட்டை எங்கே இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அணைக்கட்டு, பேர்ணாம்பட்டு பக்கம் கிராமங்களில் முதியோர் உதவித்தொகையும் நூறு நாள் வேலைக் கூலியும் எடுக்க வங்கி மித்ராவிடம், அதாவது வங்கிக்காக ஊரிலேயே பணம் கொடுக்கும் முகவரிடம், போவார்கள் இல்லையா, அவர் கையில் இருக்கும் மெஷினில் நடப்பதற்குப் பெயர் ஏஇபிஎஸ், ஆதாரை வைத்துப் பணம் எடுக்கும் முறை. ஆதார் எண், வங்கியின் பெயர், ஒரு விரல், இவ்வளவுதான் அதற்கு வேண்டும். பின் நம்பரும் இல்லை, ஓடிபியும் இல்லை, ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். வங்கியில் நீங்கள் எதற்கும் விண்ணப்பித்திருக்க வேண்டாம், கணக்கில் ஆதார் இணைந்திருந்தாலே பெரும்பாலும் இந்த வழி திறந்துதான் இருக்கும்.

சரி, ரேகை எப்படிப் போகும்? 2018-ல் தெலங்கானாவில் ஒரு ஆள், பதிவுத்துறை இணையதளத்தில் கிடைத்த நிலப் பத்திரங்களில் இருந்த ரேகையை எடுத்து, ரப்பர் அச்சு செய்து, அதை வைத்து சிம் கார்டுகளை ஆக்டிவேட் செய்து மாட்டிக்கொண்டான். அதன் பிறகு வைக்கப்படுவது உயிருள்ள விரலா என்று பார்க்கும் சோதனையை 2023-ல் ஆதார் ஆணையம் சேர்த்தது, மெஷின்களையும் மாற்றி வருகிறார்கள். பழைய ரப்பர் வித்தை இப்போது அவ்வளவு சுலபமில்லை. ஆனால் முதல் தடவையே பணத்தை எடுத்துவிட்டு, விழவில்லை என்று உங்கள் நிஜ விரலையே இரண்டாவது தடவை வைக்கச் சொன்னால் எந்தச் சோதனையும் தடுக்காது.

இது நம் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே பொருந்தும். பீடி சுற்றுகிறவர்கள், தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர்கள், வயசானவர்கள், இவர்களுக்கு ரேகை தேய்ந்து போயிருக்கும், மெஷின் உண்மையாகவே நாலு தடவை எடுக்காது. அதனால் "ரேகை விழலம்மா, இன்னொரு வாட்டி வைங்க" என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. வீட்டில் பெரியவர்களுக்கு ஒன்றே ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள்: முதல் முறை ஃபெயில் ஆனதற்கு ரசீது கேட்டு வாங்கு, அல்லது திரையை யாரையாவது படிக்கச் சொல், அதுவரை விரலை வைக்காதே.

இப்போது பூட்டும் வேலை. ஆதார் ஆணையத்தின் மைஆதார் இணையதளத்துக்கோ ஆப்புக்கோ போய், ஆதார் எண்ணும் ஓடிபியும் போட்டு உள்ளே நுழைந்தால் 'லாக் பயோமெட்ரிக்ஸ்' என்று இருக்கும், ஆன் பண்ணினால் முடிந்தது. ரேகை, கண், முகம் மூன்றுமே பூட்டிக்கொள்ளும், ஓடிபி வழி சரிபார்ப்பு மட்டும் வழக்கம்போல் நடக்கும். தேவைப்படும்போது தற்காலிகமாகத் திறந்தால் கொஞ்ச நேரத்தில் தானே மூடிவிடும். ஓடிபி வர மொபைல் எண் ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும், பழைய நம்பரைத் தூக்கிப் போட்டவர்கள் முதலில் ஆதார் மையத்துக்குப் போய் அதைச் சரி செய்யுங்கள். அப்போதுதான் மற்றது எல்லாம்.

பூட்டினால் ரேஷன் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். கார்டில் பெயர் உள்ள யார் வேண்டுமானாலும் ரேகை வைக்கலாம் என்பதால், கடைக்குப் போகிற ஒருவரை மட்டும் விட்டுவிட்டு மீதி எல்லாரையும் பூட்டுங்கள். வாழ்நாள் சான்று கொடுக்கும் பென்ஷன்காரர்கள் அன்றைக்கு மட்டும் திறந்துகொள்ளலாம். ஸ்மார்ட்போனே இல்லாத பாட்டியிடம் பூட்டு, திற என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அவருக்கு உதவித்தொகை வருகிற கணக்கில் கொஞ்சமாகப் பணம் வைத்துவிட்டு, சேமிப்பை வேறு வங்கியில் போட்டு, அங்கே ஏஇபிஎஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். கவுண்டரில் தெரியாது என்பார்கள், மேலாளரைக் கேளுங்கள்.

அதே தளத்தில் 'ஆதென்டிகேஷன் ஹிஸ்டரி' என்று ஒன்று உண்டு, கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஆதாரை யார், எந்தத் தேதியில், ரேகையிலா ஓடிபியிலா சரிபார்த்தார்கள் என்று காட்டும். மாதம் ஒரு முறை பாருங்கள், தெரியாத பெயரில் ரேகை என்று இருந்தால் அன்றைக்கே பூட்டுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழைத்துவிட்டு, வங்கியில் எழுத்து மூலம் புகார் கொடுத்து முத்திரையோடு நகல் வாங்குங்கள். தப்பு வங்கியுடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை என்றால், பணம் போன தகவல் வந்து மூன்று வேலை நாட்களுக்குள் வங்கியிடம் சொன்னவருக்கு நஷ்டம் இல்லை என்பது ரிசர்வ் வங்கியின் 2017 விதி. வங்கிக்காரர் அதைத் தானாகச் சொல்ல மாட்டார், நீங்கள் சொல்லுங்கள்.

அப்புறம் ஜெராக்ஸ். சிஎம்சி மருத்துவமனை சுற்றுவட்டார லாட்ஜ்களில் வெளி மாநிலத்து நோயாளிகளின் ஆதார் நகல்கள் கட்டுக்கட்டாகச் சேர்கின்றன, எங்கே போய் முடிகின்றன என்று யாருக்குத் தெரியும். கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற 'மாஸ்க்டு ஆதார்' அதே தளத்தில் கிடைக்கும், அடையாளம் காட்ட அதைக் கொடுங்கள். லாட்ஜ் நடத்துகிறவரும், வீடு வாடகைக்கு விடுகிறவரும் நகல் சேர்ப்பதை விட, ஆதார் ஆணையத்தின் ஸ்கேனர் ஆப்பில் க்யூஆர் கோடைப் பார்ப்பது மேல், போலி அட்டை அங்கேயே தெரிந்துவிடும்.

பிரவுசிங் சென்டரில் இ-ஆதார் பிரிண்ட் எடுத்தால் டவுன்லோட் ஃபோல்டரிலும் ரீசைக்கிள் பின்னிலும் அழித்துவிட்டு எழுந்திருங்கள், வாட்ஸ்அப்பில் கடைக்காரருக்கு அனுப்பியிருந்தால் 'டெலிட் ஃபார் எவ்ரிஒன்' அழுத்துங்கள். அந்தக் கோப்புக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று நிம்மதி வேண்டாம், பெயரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த வருஷமும்தான் அது, உங்களைத் தெரிந்த யாரும் ஊகித்துவிடலாம்.