ஊர் ஒழுங்கைக்கு மூன்று சில்லு வண்டில்: சின்னப் பிள்ளையோடு யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு

ஊரில் போய் "மூன்று சில்லு வண்டில் கொண்டுவந்திருக்கிறோம்" என்று சொன்னால், எப்போது ஓட்டோ வாங்கினீர்கள் என்றுதான் கேட்பார்கள். இது ஓட்டோ அல்ல, பிள்ளையை இருத்தித் தள்ளுகிற வண்டில். லண்டனில் பக்கி, கனடாவில் ஸ்ரோலர், ஜெர்மனியில் கிண்டர்வாகன். நல்லூர்த் திருவிழாவை ஒட்டிச் சின்னப் பிள்ளையோடு புறப்படுகிறவர்கள் ரிக்கெற் போட்ட கையோடு கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: வீட்டில் இருக்கிறதையே கொண்டுபோகலாமா, புதிதாக ஒன்று வாங்க வேண்டுமா?

முதல் முறை நாங்கள் வீட்டில் இருந்ததையே கொண்டுபோனோம். குடை மாதிரி மடிகிற, ஆறு கிலோ நாலு சில்லு வண்டில். விமான நிலையத்தில் அதற்கு நிகர் இல்லை. இணுவிலில் மாமி வீட்டு ஒழுங்கையில் இறக்கியபோதுதான் அதன் குணம் தெரிந்தது. கிரவல் போட்ட ஒழுங்கை. உள்ளங்கை அளவு முன்சில்லுகள் ஒவ்வொரு கல்லிலும் முட்டி நின்றன. நான் தள்ளத் தள்ளப் பிள்ளையின் தலை முன்னும் பின்னும் ஆடியது. படலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமி, "விடுங்கோ தம்பி, பிள்ளைக்குக் கழுத்து நோகும்" என்று வந்து தூக்கிக்கொண்டார். அந்த நாலு கிழமையும் பிள்ளை மாமியின் இடுப்பில், வண்டில் என் தோளில்.

கடையில் வண்டிலைப் பார்க்கும்போது நாம் ஏமாறுகிற இடமும் இதுதான். கடைத் தரை கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. அங்கே எந்த வண்டிலும் ஒரு விரலால் தள்ளினால் ஓடும். கடைக்காரரிடம் கேட்டு வெளியே கொண்டுவந்து, கார் நிறுத்துகிற இடத்துப் புல்லிலோ சரளைக் கல்லிலோ ஓட்டிப் பாருங்கள். வெறும் வண்டிலை அல்ல, பத்துக் கிலோ அரிசிப் பையை இருத்தி வார் கட்டிவிட்டு ஓட்டுங்கள். கொஞ்சம் வெட்கமாக இருக்கும். பரவாயில்லை.

மூன்று சில்லு வண்டில்களில் இரண்டு இனம் உண்டு. ஒன்று நகரத்து வண்டில்: முன்னால் ஒரு சில்லு இருந்தாலும் அது சின்னதுதான், பார்வைக்கு மட்டும் மூன்று சில்லு. ஊருக்கு அது வேண்டாம். மற்றது ஓடுகிறவர்களுக்கென்று செய்தது. முன்சில்லு 12 அங்குலம், பின்சில்லுகள் 12 அல்லது 16 அங்குலம். சில்லு பெரிதானால் கல்லில் ஏறிப் போகும், சிறிதானால் முட்டி நிற்கும். விஷயம் அவ்வளவுதான். முன்சில்லு ஒன்றே என்பதால் சைக்கிள் ஓட்டுகிற மாதிரி குழிகளுக்கு நடுவே வழி பார்த்துப் போகலாம். இரண்டு முன்சில்லு என்றால் ஒன்று தப்பினாலும் மற்றது விழும்.

அந்த முன்சில்லு சுழல்கிறதா, நேராகப் பூட்ட முடிகிறதா என்று பாருங்கள். இரண்டும் முடிய வேண்டும். காபெற் போட்ட வீதியிலும் கடைக்குள்ளும் சுழல விடலாம். கிரவலில் சுழல விட்டால் சில்லு படபடவென்று அடித்துக்கொள்ளும், கைப்பிடி ஆடும். பூட்டிவிட்டால் நேரே போகும். திருப்ப வேண்டும் என்றால் கைப்பிடியை அமத்தி முன்சில்லைக் கொஞ்சம் தூக்கித் திருப்புங்கள். மணலுக்கும் பூட்டுத்தான். காரைநகர் கசூரினாக் கடற்கரை மாதிரி இடங்களில் தள்ளவே வேண்டாம், திரும்பி நின்று பின்பக்கமாக இழுங்கள். தள்ளினால் முன்சில்லு மணலைக் கிண்டிக்கொண்டு புதையும்.

இனி ரயர். காற்று அடிக்கிற ரயர்தான் பிள்ளைக்குச் சொகுசு, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஊரில் நெருஞ்சி இருக்கிறது, வேலியோரத்தில் உடைமுள் இருக்கிறது. இரண்டாம் பயணத்துக்குக் காற்று ரயர் போட்ட மூன்று சில்லு வண்டிலைக் கொண்டுபோனோம், மூன்றாம் நாளே முன்சில்லு காற்றுப் போய்விட்டது. கழற்றிக்கொண்டு சந்தியிலுள்ள சைக்கிள் கடைக்குப் போனேன். வயதான ஒருவர் ரியூப்பை உருவி, தண்ணீர்ப் பேசினில் அமிழ்த்தி, குமிழி வந்த இடத்தில் பெருவிரலை வைத்தார். ஒட்டுப்போட்டு முடிய ஐந்து நிமிடம்கூட இல்லை. பிறகு பம்ப்பை எடுத்தவர் வால்வைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, இது மோட்டச்சைக்கிள் வால்வு. என்ர பம்ப் பிடிக்காது." ஊர்ச் சைக்கிளின் வால்வு வேறு, உள்ளே சின்ன ரப்பர்க் குழாய் போட்டது. நம் வண்டில்களில் பெரும்பாலும் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் போடுகிற வால்வு. எதிரே இருந்த கராஜில்தான் காற்று அடித்தேன்.

அங்கேயும் கவனம் வேண்டும். கராஜ் கொம்பிரசர் லொறிச் சில்லுக்குக் காற்று அடிக்கிற சாமான், 12 அங்குல ரியூப் அதற்கு ஒரு மூச்சுக்குக் காணாது. ரயரின் பக்கவாட்டில் எவ்வளவு அழுத்தம் என்று எழுதியிருக்கும், அதைத் தாண்ட விடாதீர்கள். நிறைய அடித்துவிட்டு மத்தியான வெயிலில் முற்றத்தில் நிறுத்தினால் வெடிக்கவும் கூடும். வாங்கும்போதே ஒரு சின்னக் கைப்பம்ப்பும் இரண்டு ரியூப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்த வாயு அடைத்த சின்னக் குப்பிகளை விமானத்துக்குக் கொண்டுபோக வேண்டாம், பாதுகாப்புச் சோதனையில் வீண் வாக்குவாதம்.

காற்றில்லாத ஃபோம் ரயரும் உண்டு. முள்ளுக்கு அசையாது, கல்லில் கொஞ்சம் தூக்கிப் போடும். இரண்டு மூன்று கிழமைக்குப் போகிறவர்களுக்குப் பெரிய சில்லு, ஃபோம் ரயர், பின்னால் சுருள்வில் இருந்தால் போதும் என்பது என் எண்ணம். கோடை முழுக்க நிற்கப் போகிறவர்கள் காற்று ரயரை எடுக்கலாம். ஒட்டுப்போட ஆள் கிடைக்கும்.

மூன்று சில்லின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். முக்காலியைப் போல அது பக்கவாட்டில் சரியும். ஊர்ப் பெருந்தெருக்களில் பல இடங்களில் நடைபாதை கிடையாது. தார் முடிகிற இடத்தில் ஒரு சாண் பள்ளம், அதற்குப் பிறகு மண். பின்னால் பஸ் வந்து ஹோர்ன் அடித்தால் நாம் பதறிச் சரிவாக இறங்குவோம். ஒரு பின்சில்லு முதலில் கீழே போகும், வண்டில் அந்தப் பக்கம் சாயும். சரிவாக இறக்காதீர்கள். வண்டிலைத் திருப்பி, பின்சில்லு இரண்டும் ஒன்றாக இறங்கும்படி பின்பக்கமாக இறக்குங்கள். கைப்பிடியில் மரக்கறிப் பையைக் கொழுவுவதும் கூடாது. பிள்ளையைத் தூக்கிய மறுகணம் வண்டில் பின்னால் விழும்.

தோள், இடுப்பு, கால் இடை என்று ஐந்து இடத்தில் பிடிக்கிற வார், காலால் அமத்துகிற பிரேக், கைப்பிடியோடு சேர்த்து உங்கள் மணிக்கட்டில் மாட்டுகிற பட்டி, மூன்றும் இருக்கட்டும். ரயில் மேடையிலும் பாலத்துச் சரிவிலும் அவை இல்லாமல் நிற்காதீர்கள். ஐரோப்பாவில் வாங்குகிறவர்கள் ஈ.என். 1888 என்ற தரக்குறியைப் பாருங்கள். அதன் முதற்பகுதி 15 கிலோ வரையான பிள்ளைகளுக்கு, இரண்டாம் பகுதி 22 கிலோ வரை. ஆறு மாதத்துக்குக் கீழ்ப்பட்ட குழந்தை என்றால் இருக்கை முழுதாகப் படுக்க வேண்டும். படுக்காத வண்டிலில் அந்த வயதுக் குழந்தையைக் கிரவலில் கொண்டுபோக வேண்டாம்.

பழைய வண்டில் வாங்குகிறவர்கள் முன்சில்லைக் கழற்றிப் பூட்டிப் பாருங்கள். ஒரு நெம்பைத் திருப்பினால் கழலுகிற முன்சில்லு வசதியானதுதான், ஆனால் சரியாக இறுக்காவிட்டால் ஓட்டத்திலேயே கழன்று போகும். இப்படிக் கழன்று பிள்ளைகளும் பெற்றோரும் காயப்பட்டதாக 2018ல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஒரு பெரிய நிறுவனத்தின் மீது வழக்கே போட்டது. பூட்டிய பிறகு முன்பக்கத்தைத் தூக்கிச் சில்லைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும்.

சில்லுகளைக் கழற்ற முடிவது ஏன் முக்கியம் என்றால், ஊரில் வண்டில் ஓடுகிற நேரத்தைவிட ஓட்டோவில் போகிற நேரம்தான் கூட. இந்த இன வண்டில் 11 முதல் 14 கிலோ வரும், மடித்தாலும் ஒரு சாக்கு நெல் அளவு. ஓட்டோவின் பின்சீற்றுக்குப் பின்னால் இருக்கிற சின்ன இடத்துக்குள் சில்லோடு போகாது. மூன்று சில்லையும் கழற்றினால் சட்டம் காலடியில் நிற்கும், சில்லுகள் பின்னால் போகும். வெளிக்கிட முன்பே வீட்டில் இரண்டு தரம் செய்து பழகுங்கள். வெயிலில் ஓட்டோக்காரரை நிறுத்தி வைத்துக்கொண்டு கையேடு வாசித்த ஆள் நான்.

விமானத்தில் பல நிறுவனங்கள் பிள்ளையின் வண்டிலைத் தனிக் கட்டணம் இல்லாமல் ஏற்றுகின்றன. ஆனால் விமான வாசல்வரை தள்ளிக்கொண்டு போகலாமா, கட்டுநாயக்காவில் வாசலிலேயே திருப்பித் தருவார்களா, பெட்டிகளோடு வருமா என்பதை முதலிலேயே கேட்டு வையுங்கள். தூக்கம் கலைந்த பிள்ளையோடு குடிவரவு வரிசையில் நிற்கும்போது அந்தப் பதில்தான் பெரிது. சென்னை வழியாகப் பலாலிக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று: அங்கே வருவது ஏ.டி.ஆர். ரகச் சின்ன விமானம். எடையிலும் அளவிலும் கறாராக இருப்பார்கள். சில்லுகளைக் கழற்றி, அச்சாணிகளை ஒரு சின்னப் பையில் போட்டுச் சட்டத்தோடு கட்டி, எல்லாவற்றையும் ஒரு உறைக்குள் போடுங்கள். அச்சாணி ஒன்று தொலைந்தால் ஊரில் அதற்கு மாற்று இல்லை. ரயர் வானத்தில் வெடிக்கும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள், சாமான் அறையிலும் காற்றழுத்தம் பேணப்படுகிறது.

வெயிலுக்கு ஒரு வார்த்தை. இருக்கைத் துணி கறுப்பு வேண்டாம். கூடாரத் துணி முழங்கால்வரை இறங்கட்டும், பின்பக்கம் காற்றுப் போக வலை இருக்கட்டும். பிள்ளை தூங்கிவிட்டது என்று சீலையாலோ துவாயாலோ மூடிவிடுவது நம் ஆட்களின் பழக்கம். மெல்லிய துணியாக இருந்தாலும் காற்று அடைபட்டு உள்ளே சூடு ஏறும். மூடாதீர்கள். மழை உறையும் வெயிலில் அடுப்புத்தான். நுளம்பு வலையை மட்டும் எப்போதும் போட்டு வையுங்கள். மலேரியா இலங்கையில் ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016ல் அறிவித்தது, டெங்கு ஒழியவில்லை. டெங்கு நுளம்பு பகலில் கடிக்கிற நுளம்பு, ஆகவே பகல் தூக்கத்துக்குத்தான் வலை அவசியம்.

சில இடங்களுக்கு எந்த வண்டிலும் சரிவராது. நல்லூரில் 25 நாளும் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளை வாகனத்துக்கு மூடிவிடுவார்கள். வெறும் நாட்களின் காலைப் பூசைக்கு அதுவே வண்டிலுக்கு வசதி, தடுப்புவரை தள்ளிக்கொண்டு போகலாம். தேரன்று சனத்துக்குள் வண்டிலை விடவே வேண்டாம். குறிகட்டுவானில் நயினாதீவுப் படகில் ஏறும்போது இரண்டு கையும் வேண்டும். அதற்குத் துணித் தொட்டிலோ மார்பில் கட்டுகிற பையோதான். ரயிலிலும் ஏறுவாசல் ஒடுக்கம், படி உயரம். மடித்து ஒருவர் கீழே நின்று கொடுக்க, ஒருவர் மேலே நின்று வாங்க வேண்டும்.

இவ்வளவும் பார்த்து வாங்கிக்கொண்டு போனாலும், அம்மம்மா, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா என்று ஆளுக்கொரு இடுப்பு காத்திருக்கும். எங்கள் வண்டில் அதிகம் பயன்பட்டது விறாந்தையில், மத்தியானத் தூக்கத்துக்கு. திரும்பி வரும்போது மாமி கேட்டார், அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். போன கிழமை தொலைபேசியில் படம் வந்தது: வலை போட்ட இருக்கையில் ஏழு தேங்காய், வாரும் கட்டியிருக்கிறது. முன்சில்லு காற்றுப் போய்ச் சப்பையாக இருந்தது. விட்டுவிட்டு வருவதென்றால் பம்ப்பையும் விட்டுவிட்டு வாருங்கள்.