கிராம சபையில் ஊர்க்குறையைத் தீர்மானமாக்கும் வழி

தெருவிளக்கு எரியவில்லை, வாய்க்கால் தூர்ந்துவிட்டது, குடிநீர்த் தொட்டியைக் கழுவி மாதக்கணக்காகிறது என்றெல்லாம் டீக்கடையிலும் கோயில் திண்ணையிலும் நாள்தோறும் பேசுகிறோம்; படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவிலும் போடுகிறோம். ஆனால் அந்தக் குறையை எழுத்தில் ஏற்றுவதற்கென்றே 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் ஏற்படுத்தியிருக்கும் கிராம சபைக்கு நம்மில் பெரும்பாலோர் போவதில்லை. மாநிலத்தின் 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை இக்கூட்டம் நடக்கிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர் என்பதால், யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டியதில்லை. "அங்கே போய்ப் பேசி என்ன ஆகப்போகிறது" என்று சலித்துக்கொள்பவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பேசியது எதுவும் தீர்மானப் பதிவேட்டில் ஏறாவிட்டால், அப்படி ஒரு கோரிக்கை வந்ததாகவே அரசு அலுவலகம் கணக்கில் கொள்ளாது. ஆகவே ஒரு குறையைப் பதிவேட்டில் ஏற்றுவதையே முதல் வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு முன், அந்தக் குறை யாருடைய பொறுப்பு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். மனுக்கள் மாதக்கணக்கில் மேசைக்கு மேசை அலைவதற்கு முதன்மையான காரணம், பொறுப்பில்லாத அலுவலகத்திடம் போய்க் கேட்பதுதான். ஊருக்குள் இருக்கும் தெருக்கள், தெருவிளக்கு, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, அதிலிருந்து வீதிகளுக்குப் போகும் குழாய், குப்பை அள்ளுதல் ஆகியவை கிராம ஊராட்சியின் வேலைகள். ஊரையும் ஊரையும் இணைக்கும் சாலை ஊராட்சி ஒன்றியத்தின் கையில் இருக்கலாம். நெடுஞ்சாலைத் துறையின் கையிலும் இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், ஒன்றியப் பொறியாளரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெரிய குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால் ஊராட்சித் தலைவரைத் திட்டிப் பயனில்லை. அது குடிநீர் வடிகால் வாரியத்தின் பொறுப்பு. ஏரி, குளங்களில் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலப்பரப்பு) 40 ஹெக்டேருக்கு மேற்பட்டவை நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் உள்ளன. புறம்போக்கு ஆக்கிரமிப்பு என்றால் வருவாய்த் துறைக்குப் போக வேண்டும். அதற்கு முன் அந்த இடத்தின் புல எண்ணை (சர்வே எண்) எடுத்து, அரசின் இணையவழிச் சேவையில் நிலத்தின் வகையைக் காட்டும் 'அ' பதிவேட்டைப் பார்த்து, அது எந்த வகைப் புறம்போக்கு என்று உறுதி செய்துகொள்வது அவசியம். வேறு துறைக்கு உரிய குறையையும் கிராம சபையில் எழுப்பலாம். அப்போது தீர்மானத்தில் "ஊராட்சி செய்து தர வேண்டும்" என்று எழுதாமல், "இன்ன துறையின் இன்ன அலுவலருக்கு ஊராட்சி பரிந்துரைக்கிறது" என்று எழுத வேண்டும்.

அடுத்து, பணம் எங்கிருந்து வரும் என்று பாருங்கள். ஊராட்சிகளில் வரி வருமானம் உள்ளிட்ட பொது நிதிக்கு ஒரு கணக்கும், மின்கட்டணம், குடிநீர்க் கட்டணம் செலுத்துவதற்கு ஒரு கணக்கும், திட்ட நிதிக்கு ஒரு கணக்கும் தனித்தனியே வைத்திருப்பார்கள். பொது நிதியில் பணம் இல்லை என்று ஊராட்சிச் செயலர் சொன்னால் அது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். அந்தப் பதிலோடு திரும்பிவிடாமல் திட்ட நிதி பற்றிக் கேட்க வேண்டும். 2021 முதல் 2026 வரைக்கான 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்குமே செலவிட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. அத்தகைய நிபந்தனை உள்ள நிதியில், "தெருவை அழகுபடுத்தித் தர வேண்டும்" என்ற கோரிக்கைக்கு இடம் கிடைக்காது. அதே தெருவில் வீட்டுக் கழிவுநீர் தேங்கி நிற்பதைக் காட்டி வடிகால் கேட்டால் இடம் கிடைக்கும். ஊராட்சி எதற்கெல்லாம் திட்டமிட்டது, எவ்வளவு செலவு செய்தது என்பதை இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். அடுத்த ஆண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டம் பேசப்படும் அக்டோபர் 2 கூட்டம்தான் புதிய பணிகளைக் கேட்க மிகவும் ஏற்ற நாள். பராமரிப்பு வேலைகளை எந்தக் கூட்டத்திலும் கேட்கலாம்.

இனி எழுத்து வேலை. "எங்கள் தெருவில் சாக்கடை வசதி இல்லை, தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தால், "நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற பதில்தான் வரும். அதில் எந்தத் தெரு, எவ்வளவு நீளம், எந்த ஆண்டுக்குள் என்ற விவரங்கள் இல்லை. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "மேற்குத் தெருவில் மாரியம்மன் கோயில் முனையிலிருந்து தொடக்கப் பள்ளி மதில் வரை சுமார் 120 மீட்டர் நீளத்துக்குக் கழிவுநீர் வடிகால் இல்லாததால், 34 வீடுகளின் கழிவுநீர் பள்ளி வாசலில் தேங்குகிறது. இந்நீளத்துக்கு மூடியுடன் கூடிய சிமெண்ட் வடிகால் அமைக்க, ஒன்றியப் பொறியாளர் மூலம் மதிப்பீடு தயாரித்து, அடுத்த நிதியாண்டின் ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்க இக்கிராம சபை தீர்மானிக்கிறது." இடத்தின் தொடக்கம், முடிவு, நீளம், பயன்பெறும் வீடுகள், அடுத்து யார் என்ன செய்ய வேண்டும் என்ற ஐந்தும் இதில் உள்ளன, செயலர் தம் சொற்களைச் சேர்த்து நீர்த்துப்போகச் செய்வதற்கு இடமும் குறைவு. நீளத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லாமல் டேப் பிடித்து அளந்துவிடுங்கள். இரண்டு பிரதிகள் எடுத்து, கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே ஊராட்சி அலுவலகத்தில் ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் தேதியுடன் ஒப்புகைக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ள வேண்டும். கூட்டத்தின் பொருள்கள் பெரும்பாலும் மாவட்ட நிர்வாகத்திடமிருந்து அச்சடித்த பட்டியலாகவே வருகின்றன; டெங்கு தடுப்பு, நெகிழி ஒழிப்பு என்று நீளும் அந்தப் பட்டியலில் நம் ஊர்க் குறை தானாக நுழையாது. கடைசியில் "இதர பொருள்கள்" என்று ஒரு வரி இருக்கும், நமக்கு உரிய வாசல் அதுதான். ஊர்களின் தேவையை ஊரே சொல்ல வேண்டிய கூட்டத்துக்கு மேலிருந்து பட்டியல் வருவது முறையா என்பது தனியே கேட்க வேண்டிய கேள்வி. அது மாறும்வரை அந்தக் கடைசி வரியை விட்டுவிடக் கூடாது.

ஆட்களைச் சேர்ப்பதும் தயாரிப்பின் ஒரு பகுதியே. மக்கள் தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வந்தால்தான் குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை, நிறைவாகும். வரம்பு நிறைவடையாத கூட்டத்தில் எழுதிய தீர்மானத்தை எளிதில் தள்ளிவிடலாம். அதனால் உங்கள் குறையால் பாதிக்கப்படும் வீடுகளிலிருந்து வீட்டுக்கு ஒருவரையாவது அழைத்து வாருங்கள், குறிப்பாகப் பெண்களை. தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, எத்தனை குடம் கிடைக்கிறது என்று பிடிப்பவர்கள் எழுந்து சொன்னால், "எல்லாத் தெருவுக்கும் ஒழுங்காகத்தான் விடுகிறோம்" என்று எவராலும் மறுக்க முடியாது.

கூட்டம் எங்கே நடக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். மதச்சார்புள்ள வளாகங்களில் நடத்தக் கூடாது என்றும், வார்டு வார்டாக இடம் மாற்றி நடத்த வேண்டும் என்றும் அரசு அறிவுறுத்தியிருக்கிறது. ஆயினும் ஊரின் ஒரே பகுதியில், ஒரே மரத்தடியில் ஆண்டுக்கணக்கில் நடத்தும் ஊராட்சிகள் பல உண்டு. காலனியில் இருப்பவர்கள் அங்கே வந்து ஓரமாக நின்றுவிட்டுப் போவதைக் கண்டும் காணாமல் இருப்பதில் சாதி அரசியல் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. மதுரை மாவட்டத்தில் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய, பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தனி ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை தேர்தலையே முறையாக நடத்த முடியாமல் இருந்தது. அதே பாப்பாப்பட்டியின் கிராம சபையில் 2021 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் கலந்துகொண்டார். அடுத்த கூட்டத்தைக் காலனியில் நடத்த வேண்டும் என்ற கோரிக்கையையே ஒரு தீர்மானமாகக் கொண்டுவரலாம். செலவில்லாத தீர்மானம் என்பதால் நிதி இல்லை என்று தட்டிக்கழிக்கவும் முடியாது.

கூட்ட நாளன்று, முந்தைய ஆண்டின் வரவு செலவைக் காட்டும் படிவம் 30-ஐப் பலகையில் வைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். வைத்திருந்தால் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றிய அலுவலகத்திலிருந்து, கூட்டத்தைப் பார்வையிடும் பற்றாளர் ஒருவர் வந்திருப்பார். அவருடைய பெயரையும் பதவியையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் முறை வரும்போது சண்டைக்கு நிற்காமல், எழுதி வைத்ததை அப்படியே வாசித்தால் போதும். பழைய கணக்கெல்லாம் தீர்க்கத் தொடங்கினால், அரை மணி நேரக் கூச்சலுக்குப் பின் கூட்டம் முடிந்தது என்று மைக்கை அணைத்துவிடுவார்கள். தலைவருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் அதைவிட வசதியானது வேறில்லை. பிறகு செயலரிடம், "சார், எழுதினதைக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க" என்று எல்லோர் முன்னிலையிலும் கேளுங்கள். "பரிசீலிக்கலாம்" என்று எழுதியிருந்தால், "தீர்மானிக்கப்பட்டது" என்று திருத்தச் சொல்லுங்கள். பல ஊர்களில் வந்தவுடனேயே ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். அது வருகைப் பதிவேடா, அல்லது தீர்மானங்கள் பின்னால் நிரப்பப்படவிருக்கும் வெற்றுப் பக்கமா என்று பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். தீர்மானங்கள் முடிந்த இடத்தில் மிச்சமிருக்கும் பக்கத்தைக் குறுக்குக் கோடிட்டு அடைக்கச் சொல்வதில் தயக்கம் வேண்டாம்.

2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் வென்றவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது. அடுத்த தேர்தல் தள்ளிப்போனதால் அங்கே ஊராட்சிகள், தலைவர்களுக்குப் பதிலாக அரசு நியமிக்கும் தனி அலுவலர்களின் பொறுப்புக்குப் போயின. ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வர வேண்டிய தேவை தனி அலுவலருக்கு இல்லை. ஒரே அலுவலர் பல ஊராட்சிகளைப் பார்க்க வேண்டியிருக்கும்போது, நம் மேற்குத் தெரு அவர் நினைவில் நிற்கும் என்று எதிர்பார்ப்பதற்கும் இல்லை. அத்தகைய காலத்தில் எழுத்துப் பதிவு முன்பைவிட முக்கியமாகிறது.

தீர்மானத்தின் எல்லையையும் அறிந்திருப்பது நல்லது. மதுரை மேலூர்ப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக 2024 நவம்பரில் கிராம சபைகள் தீர்மானம் இயற்றின. மக்கள் போராட்டமும் சட்டமன்றத் தீர்மானமும் சேர்ந்து வந்ததால், 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்தச் சுரங்கத்துக்கான ஏலத்தை ரத்து செய்தது. பரந்தூரில் திட்டமிட்ட விமான நிலையத்துக்கு எதிராக அப்பகுதியைச் சேர்ந்த ஏகனாபுரம் கிராம சபை 2022 ஆகஸ்ட் முதல் மீண்டும் மீண்டும் தீர்மானம் இயற்றியும், அரசு திட்டத்தை உடனே கைவிட்டுவிடவில்லை. பெரிய திட்டங்களில் தீர்மானம் ஒரு சான்று மட்டுமே. வடிகால், விளக்கு போன்றவற்றில் அதுவே வேலையின் முதல் ஆவணம்.

கூட்டம் முடிந்த பிறகு தீர்மான நகலைக் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டுக் கிடைக்காவிட்டால், 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஊராட்சி ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பியுங்கள். தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால், 5 நாட்களுக்குள் அங்கே மாற்றி அனுப்புவது அவர் கடமை. 30 நாட்களில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். நகல் கைக்கு வந்ததும் அதன் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (கிராம ஊராட்சி) ஒரு கடிதம் கொடுங்கள். ஒரு மாதம் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர் கூட்டத்தில் அதே நகலுடன் மனுக் கொடுங்கள். மனுவில் "எப்போது செய்வீர்கள்" என்று கேட்டால் "நிதி வந்ததும்" என்ற பதில் வந்துவிடும். "மதிப்பீடு தயாரிக்கப்பட்டதா, தயாரித்தது எந்தத் தேதியில், நிர்வாக அனுமதிக்கு அனுப்பியது எந்தத் தேதியில்" என்று கேட்டால், கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்பது வெளிவரும். அடுத்த கிராம சபையில், முந்தைய தீர்மானங்களின் மீது எடுத்த நடவடிக்கை என்ன என்பதைத் தீர்மான எண்ணுடன் கேட்டு, அந்தப் பதிலையும் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.